பாதாள சாக்கடைக்கு டெபாசிட் 10,000, மாதம் 150: கட்டுவதா, ஆட்சேபம் எழுதுவதா?

வேப்பமரத்தெரு:

வணக்கம். எங்கள் நகராட்சியில் பாதாள சாக்கடைப் பணி எங்கள் வார்டுக்கும் வந்துவிட்டது. தெருவில் குழாய் பதித்து மேன்ஹோல் கட்டி ரோட்டையும் மூடியாயிற்று. இப்போது வீட்டுக்கு வீடு நோட்டீஸ். 1,200 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு வைப்புத்தொகை 10,000 ரூபாய், பிறகு மாதம் 150 ரூபாய் பராமரிப்புக் கட்டணம். வீட்டிலிருந்து மேன்ஹோல் வரைக்குமான குழாய் வேலை நம் செலவு.

நலச்சங்கக் கூட்டத்தில் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். "சொத்து வரி கட்டுகிறோம், அதில் சாக்கடை சேராதா?" என்று ஒரு கூட்டம். "என் செப்டிக் டேங்க் இருபது வருஷமாக நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கெதற்கு?" என்று இன்னொரு கூட்டம். "எவ்வளவு ஆனாலும் சரி, ஐப்பசி கார்த்திகையில் முட்டியளவு தண்ணீரில் நடக்காமல் இருந்தால் போதும்" என்பவர்கள் மீதிப்பேர்.

எனக்குத் தெரிய வேண்டியவை: இந்தக் கட்டணம் நியாயமா? ஆட்சேபிக்க வேண்டுமென்றால் எதை, எப்படி? ரோடு போட்டுப் போட்டு எங்கள் வீடு தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. இணைப்பு கொடுத்தால் தெருக் கழிவு வீட்டுக்குள் திரும்பி வருமா?

கணக்குப்பிள்ளை:

முதலில் மூன்றாவது கூட்டத்துக்குப் பதில் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவர்கள்தான் பின்னால் அதிகம் கோபப்படப் போகிறவர்கள். பாதாள சாக்கடை வேறு, மழைநீர் வடிகால் வேறு. இரண்டையும் "டிரைனேஜ்" என்று ஒரே சொல்லில் சொல்லிப் பழகிவிட்டோம். இந்த 10,000 ரூபாயால் தெருவில் தேங்கும் மழைத்தண்ணீர் ஒரு அங்குலம்கூடக் குறையாது. அது கழிப்பறை, குளியலறை, சமையலறைத் தண்ணீருக்கு மட்டுமான குழாய். சங்கக் கூட்டத்தில் இதை ஒருமுறை உரக்கச் சொல்லிவிடுங்கள்.

இனி நியாயம். பாதாள சாக்கடைக்கு மக்களிடம் முன்பணம் வாங்குவது புதிதல்ல. ஆலந்தூர் நகராட்சி 1990களின் கடைசியில் செய்தது. அப்போது அங்கே வீடெல்லாம் செப்டிக் டேங்க்தான். முதலில் ஒரு கருத்துக் கணிப்பு எடுத்தார்கள்: பாதாள சாக்கடை வேண்டும் என்றவர்கள் 97 சதவீதம், அதற்குப் பணம் தரத் தயார் என்றவர்கள் 64 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கும் 33தான் உங்கள் சங்கக் கூட்டம். வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட், வணிக இணைப்புக்கு 10,000, வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் என்று வைத்தார்கள். நகர்மன்றத் தலைவரும் கவுன்சிலர்களும் தெருத்தெருவாக, நலச்சங்கம் நலச்சங்கமாகப் போய்ப் பேசிப் பணம் திரட்டினார்கள். சுத்திகரிப்பு நிலையத்தைப் பெருங்குடியில் தனியார் கட்டி நடத்தும் ஏற்பாட்டில் அமைத்தார்கள். ஆலந்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது, ஆனால் "மக்கள் காசு கொடுப்பார்களா?" என்ற கேள்விக்கு இன்றும் எல்லோரும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அங்கே பலித்ததற்குக் காரணம், கேட்ட பிறகு தோண்டினார்கள். உங்கள் ஊரில் தோண்டிய பிறகு நோட்டீஸ் வருகிறது. கோபத்தில் பாதி இதனால்தான், அந்தப் பாதி நியாயமான கோபம்.

"சொத்து வரியில் சேராதா?" என்பதற்கு: குழாய் பதிப்பது ஒருமுறைச் செலவு, ஓட்டுவது தினச் செலவு. சமதளமான ஊரில் 200 மி.மீ. குழாயை 250க்கு 1 வாட்டத்தில், அதாவது 250 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவில் பதித்தால் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் 4 மீட்டர் ஆழம் இறங்கிவிடும். அதற்கு மேல் ஆழம் தோண்டினால் நிலத்தடி நீர், மண் சரிவு, செலவு. அதனால் நடுநடுவே கழிவுநீரேற்று நிலையம் வைத்து மோட்டாரால் மேலே தூக்கி மறுபடி ஓடவிடுகிறார்கள். அந்த மோட்டாருக்கு மின்கட்டணம், ஜெனரேட்டருக்கு டீசல், அடைப்பெடுக்கும் ஜெட்ராடிங் வண்டி, சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஆள். இது மாதா மாதம் வரும் செலவு. இதற்கென்று தனி வருமானம் இல்லாத ஊர்களில் முதலில் நிற்பது மோட்டார், அடுத்து மேன்ஹோல் பொங்கும்.

அதற்காக எதிர்ப்பவர்களை வாயடைக்கவும் முடியாது. 2022 ஏப்ரலில்தான் நகராட்சிகளில் குடியிருப்புகளுக்குச் சொத்து வரி உயர்ந்தது: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. அந்தக் காயம் ஆறுவதற்குள் இது. "எதற்கு எவ்வளவு" என்று கணக்குக் காட்டச் சொல்வது குடிமக்களின் வேலைதான்.

மாடிப்போர்ஷன்:

கட்டணத்தைவிட அதைப் போட்ட விதம்தான் தப்பு. சதுர அடிக்கு ஏற்ற மாதிரிக் கட்டணம் என்றால் 1,500 சதுர அடி வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி, 900 சதுர அடியில் மூன்று போர்ஷன் கட்டிப் பன்னிரண்டு பேரைக் குடிவைத்திருப்பவரைவிட அதிகம் கட்டுவார். கழிவு அதிகம் அனுப்புவது யார்? குடிநீர் மீட்டர் இருக்கிற ஊரில் மீட்டர்படி போடலாம். இல்லாத ஊரில் குறைந்தபட்சம் சமையலறை எண்ணிக்கைப்படி போடச் சொல்லிக் கேளுங்கள். சங்கத்தில் "கட்ட மாட்டோம்" என்று தீர்மானம் போட்டால் குப்பையில் போவதற்குத்தான் வாய்ப்பு. "இப்படி மாற்றுங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் கவுன்சிலராவது மன்றத்தில் எழுந்து பேச ஒரு காகிதம் கிடைக்கும்.

வாடகைக்கு விட்டிருப்பவர்கள் கவனிக்க: நோட்டீஸ் வரிவிதிப்பு எண்ணின் பேரில் வரும், அதாவது உரிமையாளர் பேரில். மாதக் கட்டணத்தை வாடகைதாரரிடம் வாங்குவதாக இருந்தால் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். டெபாசிட்டை அவர் தலையில் கட்டாதீர்கள், அது கட்டடத்தோடு நிற்பது.

ரசமட்டம்:

"என் செப்டிக் டேங்க் நன்றாக இருக்கிறது" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பாதாள சாக்கடை உள்ள ஊருக்குத் திட்டம் போடும்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவுநீர் என்று எடுத்துக்கொள்வார்கள். நான்கு பேர் வீட்டில் 432 லிட்டர். கோடையில் இதை உறிஞ்சுகுழி குடித்துவிடும், நமக்குத் தெரியாது. ஐப்பசியில் நிலத்தடி நீர் மேலே வந்ததும் குழி குடிப்பதை நிறுத்தும். அப்போது 6,000 லிட்டர் லாரி ஒன்று 14 நாளில் நிரம்பிவிடும் அளவுக்குத் தண்ணீர் சேரும். உங்கள் பகுதியில் லாரி வாடகை என்னவோ அதை இரண்டால் பெருக்குங்கள், மழைக்காலத்தில் ஒரு மாதச் செலவு வரும். அதோடு 150 ரூபாயை ஒப்பிடுங்கள். மேட்டு நிலம், மணல் தரை, இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடு என்றால் கணக்கு உங்கள் பக்கம், சரி. ஆனால் அந்த உறிஞ்சுகுழிக்குப் பக்கத்தில்தான் உங்களுடையதோ பக்கத்து வீட்டுடையதோ போர்வெல் இருக்கும்.

இனி இணைப்பு வேலை. இதில்தான் பணமும் போகிறது, பிற்காலத் தொல்லையும் வருகிறது.

குழாய் 110 மி.மீ. பி.வி.சி. போதும். வாட்டம் 40க்கு 1, அதாவது 10 மீட்டருக்கு 25 செ.மீ. இடம் இல்லையென்றால் 60க்கு 1 வரை, 10 மீட்டருக்குச் சுமார் 17 செ.மீ. அதற்குக் கீழே போனால் தண்ணீர் போய்விடும், கெட்டி தங்கிவிடும். கொத்தனார் கண்ணளவில் வாட்டம் பார்ப்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள். நூல் கட்டி, இரண்டு முனையிலும் டேப் வைத்து அளந்து, பிறகு மூடச் சொல்லுங்கள். குழாய்க்கு அடியில் செங்கல் துண்டு முட்டுக் கொடுப்பது வழக்கம்; அது கூடாது. முட்டு இருக்கும் இடத்தில் குழாய் நிற்கும், இல்லாத இடத்தில் தொய்யும், தொய்ந்த இடத்தில் அடைப்பு. அடியிலும் பக்கத்திலும் மணல் போட்டுக் கெட்டிக்க வேண்டும்.

திருப்பம் வரும் இடத்திலெல்லாம் ஒரு சேம்பர், அதாவது அடைப்பெடுக்க மூடி போட்ட சிறு தொட்டி. 60 செ.மீ. ஆழத்துக்குள் என்றால் உள்ளளவு 45க்கு 45 செ.மீ. போதும், ஆழம் கூடினால் சேம்பரும் பெரிதாக வேண்டும். சேம்பர் தரையைத் தட்டையாக விடக் கூடாது. நடுவில் அரைவட்ட வாய்க்கால், இரண்டு பக்கமும் அதை நோக்கிச் சரிவு, மேலே வழவழப்பான சிமெண்ட் பூச்சு. தட்டையாக விட்டால் அங்கேயே தேங்கிக் கரப்பான் பண்ணை ஆகும். சமையலறைத் தண்ணீர் சேம்பருக்குள் வருமுன் ஒரு எண்ணெய்த் தடுப்புத் தொட்டி இருக்கட்டும். அரிசிக் கஞ்சியும் எண்ணெயும் சேர்ந்து ஆறினால் குழாய்க்குள் மெழுகு மாதிரிப் படியும்.

செப்டிக் டேங்கை வழியில் வைத்துவிட்டு அதன் கடைசி வாயிலிருந்து தெருவுக்கு இணைப்பது பலர் செய்யும் குறுக்குவழி. பிளம்பருக்கு வேலை மிச்சம். ஆனால் டேங்க் நிரம்பியதும் சேறு அப்படியே தெருக்குழாய்க்குள் போகும், அழுகிய தண்ணீரின் வாயு மேன்ஹோல் சிமெண்டை அரிக்கும், நீங்களும் லாரிக்கும் நகராட்சிக்கும் இரட்டைச் செலவு செய்வீர்கள். டேங்குக்கு முன்னாலேயே குழாயைத் திருப்ப வேண்டும். டேங்கை லாரி வைத்து முழுக்க உறிஞ்சி, சுண்ணாம்பு தூவி, மணல் நிரப்பி மூட வேண்டும். அதற்குள் ஆளை இறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து போவார். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் இறக்கினால் முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. லாரிக்கு 14420 என்ற எண்ணில் கூப்பிட்டுப் பதியலாம்.

டேங்க் போனதும் "இனி எதற்கு?" என்று மாடிக்குப் போகும் காற்றுக் குழாயையும் வெட்டிவிடுகிறார்கள். வெட்டாதீர்கள். மேல்மாடியில் பக்கெட்டாகக் கொட்டும்போது கீழே குளியலறை டிராப்பில் (நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் நிற்கும் வளைவில்) நிற்கும் 50 மி.மீ. தண்ணீரை மேலிருந்து விழும் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகாமல் காப்பது அந்தக் காற்றுக் குழாய்தான். தண்ணீர் போனால் தெருச் சாக்கடை நாற்றம் நேராக வீட்டுக்குள்.

மொட்டைமாடி மழைக்குழாயை இந்த லைனில் செருகுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு. 1,000 சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர். உங்கள் வீட்டின் பத்து நாள் கழிவுநீர் ஒரு மணி நேரத்தில் குழாய்க்குள் இறங்குகிறது. இருபது வீடு இப்படிச் செய்தால் 92,000 லிட்டர். தெருக்குழாய் அந்தக் கணக்கில் பதிக்கப்பட்டதில்லை; மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். அப்புறம் "நகராட்சி போட்ட லைன் சரியில்லை" என்று வாட்ஸ்அப்பில் வீடியோ. மழைக்குழாய் மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குத்தான் போக வேண்டும், 2003இலிருந்து தமிழ்நாட்டில் அது கட்டாயம்.

தாழ்ந்த வீட்டுக் கேள்விக்கு, முதலில் டியூப் லெவல் பிடித்து அளந்து சொல்லுங்கள். தெளிவான பிளாஸ்டிக் டியூப், வீட்டிலிருந்து மேன்ஹோலை எட்டும் நீளம். தண்ணீர் நிரப்பி, நடுவில் காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் பாருங்கள். ஒரு குமிழ் இருந்தால் அளவு பொய். ஒரு முனையைத் தரைமட்டக் குளியலறையில் பிடித்து, தரையிலிருந்து தண்ணீர் மட்டம் எத்தனை செ.மீ. என்று சுவரில் கோடு போடுங்கள். மறுமுனையை மேன்ஹோல் மூடிமேல் நிறுத்தி, மூடியிலிருந்து தண்ணீர் எத்தனை செ.மீ. என்று பாருங்கள். வீட்டு எண் அதிகமென்றால் அந்த வித்தியாச அளவுக்கு வீடு தாழ்வு.

தகவல்மனு:

ஆட்சேபணை எப்படி என்று கேட்டீர்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், காகிதம்.

நகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.ஐ.) மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. கேட்க வேண்டியது: கட்டணத்தை நிர்ணயித்த மன்றத் தீர்மானத்தின் எண், தேதி, நகல். திட்ட மதிப்பீட்டில் அரசு மானியம், கடன், பொதுமக்கள் பங்களிப்பு எவ்வளவு. வைப்புத்தொகை தனிக் கணக்கில் இருக்கிறதா, அது திரும்பக் கிடைக்குமா. மாதக் கட்டணம் எந்தத் தேதியிலிருந்து. நீரேற்று நிலையமும் சுத்திகரிப்பு நிலையமும் இயங்கத் தொடங்கிய தேதி. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் இவ்வளவு?" என்று கேட்காதீர்கள், "ஏன்" என்பதற்குப் பதில் சொல்லாமல் தள்ளிவிடுவார்கள். நகல் கேளுங்கள்.

கடைசி இரண்டு தேதிகள்தான் உயிர்நாடி. இணைப்பு கொடுக்கும் முன்பே, சில இடங்களில் சுத்திகரிப்பு நிலையம் ஓடும் முன்பே, மாதக் கட்டணம் ஏறத் தொடங்கிவிடுகிறது. பின்னால் மொத்தமாக நிலுவை என்று வரும். "இணைப்பு வழங்கிய தேதியிலிருந்து மட்டுமே மாதக் கட்டணம்" என்பதை ஆணையருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள். டெபாசிட்டைத் தவணையில் கட்ட அனுமதியும் அதே கடிதத்தில் கேட்கலாம்.

பணத்தை நகராட்சிக் கவுண்ட்டரிலோ ஆன்லைனிலோ மட்டும் கட்டுங்கள், ரசீதில் உங்கள் வரிவிதிப்பு எண் இருக்க வேண்டும். ஒப்பந்ததாரரின் ஆள் "சார், சேர்த்து முடித்துக் கொடுக்கிறேன்" என்றால் அவரிடம் குழாய் வேலைக்கான கூலி மட்டும்.

வேப்பமரத்தெரு:

எல்லோருக்கும் நன்றி. ஆர்.டி.ஐ. மனுவை இன்றே எழுதுகிறேன். சமையலறை எண்ணிக்கைப்படி என்பதைச் சங்கத்தில் வைக்கிறேன்.

டியூப் லெவல் பார்த்தோம். வீட்டில் 104 செ.மீ., மூடியில் 86. ஆக 18 செ.மீ. தாழ்வு. குளியலறையிலிருந்து மேன்ஹோல் 12 மீட்டர். குளியலறைக் கீழ் வெளிவரும் குழாயின் அடி, தரையிலிருந்து 45 செ.மீ. கீழே. மேலே ஒரு மாடி இருக்கிறது, அங்கே வாடகைக்கு ஒரு குடும்பம்.

ரசமட்டம்:

நல்ல அளவு. 12 மீட்டருக்கு 40க்கு 1 என்றால் 30 செ.மீ. இறக்கம். 45ம் 30ம் சேர்ந்து 75. வீடு 18 தாழ்வு, ஆக மேன்ஹோல் மூடியிலிருந்து 93 செ.மீ. ஆழத்தில் உங்கள் குழாய் போய்ச் சேரும். நகராட்சி ஜே.இ.யை (இளநிலைப் பொறியாளரை)க் கூப்பிட்டு மூடியைத் திறந்து அளக்கச் சொல்லுங்கள், நீங்கள் திறக்க வேண்டாம். தெருக்குழாயின் மேல்விளிம்பு 93 செ.மீ.க்குக் கீழே இருந்தால் சாதாரண நாளில் பிரச்சினை இல்லை. மேலே இருந்தால் 60க்கு 1 போட்டு 10 செ.மீ. மிச்சம் பிடிக்கலாம். அதுவும் போதாதென்றால் டெபாசிட் கட்டும் முன்பே எழுத்தில் சொல்லுங்கள், அது அவர்கள் தீர்க்க வேண்டிய விஷயம்.

அடைப்பு வரும் நாள்தான் ஆபத்து. மேன்ஹோல் மூடி வரை நிரம்பினால் உங்கள் குளியலறையில் 18 செ.மீ. நிற்கும். அதனால் கேட் ஓரச் சேம்பரில் 110 மி.மீ. திரும்பாத வால்வு (தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வந்தால் மூடிக்கொள்வது) ஒன்று கட்டாயம் போடுங்கள். அம்புக்குறி தெருவைப் பார்க்க வேண்டும். தலைமுடி, துணிநூல் சிக்கினால் உள்ளே இருக்கும் மடல் முழுக்க மூடாது, மாதம் ஒருமுறை சேம்பர் மூடியைத் திறந்து தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும்.

ஒன்றை மட்டும் பிளம்பரிடம் வரைந்தே காட்டிவிடுங்கள். கீழ்வீட்டு லைன் மட்டும்தான் வால்வு வழியாகப் போக வேண்டும். மாடியிலிருந்து இறங்கும் குழாயைத் தனியாகக் கொண்டுவந்து வால்வைத் தாண்டித் தெருப் பக்கம் சேருங்கள். இரண்டையும் வால்வுக்கு முன்னாலேயே சேர்த்துவிட்டால், தெரு நிரம்பி வால்வு மூடிக்கொண்டிருக்கும்போது மாடியில் ஒருவர் குளித்தாலும் அந்தத் தண்ணீர் போக வழியில்லாமல் உங்கள் குளியலறையில்தான் வந்து பொங்கும்.